எண்ணெய் என்னும் சொல்லும் ஒரு பழைய காரின் கசிவும்



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பிரேக் கசிவைப் பற்றி என்ன பேச்சு என்று அவையில் சிலர் வியக்கக்கூடும். கவிதைக்கும் பட்டறைக்கும் என்ன உறவு என்று கேட்கவும் கூடும். உறவு உண்டு. அந்த உறவின் பெயர் சொல். பொருளுக்குப் பொருந்தாத ஒரு சொல், கவிதையில் நேர்ந்தால் ஓசை கெடும். உரையில் நேர்ந்தால் கருத்துக் கெடும். ஓடுகின்ற வண்டியில் நேர்ந்தால் உயிரே போகும். இவ்வுரையின் சாரம் இவ்வளவே.

இதனைப் பாலவனத்தத்தில் சொல்வதற்கு ஒரு தகுதியும் உண்டு. இவ்வூர் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-ஆம் ஆண்டு மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே 'செந்தமிழ்' இதழ் வெளிவரலாயிற்று. ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுப்பதும், பாடங்களை ஒப்பிட்டு மூலத்தைத் தெளிவதும், அச்சேற்றுவதும் அச்சங்கத்தின் பணிகளாயின. திருக்குறளைத் தம் விருப்பம்போல் திருத்தி ஒருவர் அச்சிட்ட படிகளையெல்லாம் தேவர் விலைகொடுத்து வாங்கி அழித்தார் என்று வழிவழியாக ஒரு செய்தி வழங்குகிறது. பழைய பொருளை அதன் இயல்பு அறியாமல் சீர்திருத்தப் புகுவது அதனை அழிப்பதாகும் என்பது அச்செய்தியின் உட்பொருள். அதே பாண்டித்துரைத் தேவர்தாம் வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராகவும் விளங்கினார். ஏட்டுச் சுவடியும் எந்திரக் கப்பலும் அவருக்கு அயலாக இல்லை. இருகைக்கும் ஏற்ற வேலையாக இருந்தன. ஆகவே இந்த மண்ணில் எந்திரத்தைப் பற்றிப் பேசுவது தமிழுக்குப் புறம்பான செயல் அன்று.

இனிப் பொருளுக்கு வருவோம். சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் தொழிற்சாலை கொண்டிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் காரைச் செய்து விற்றது. இரு கதவுகளோடு வந்த அக்காருக்கு நான்கு கதவு அமைத்தது இந்தியாவில் நிகழ்ந்த மாற்றம். அறுபதுகளில் தமிழ்நாட்டுச் சாலைகளில் மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் வைத்திருந்த வண்டி அது. அதன் மூலம் இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த வடிவம். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே மிக்கெலோட்டியின் வடிவில், 1962-இல் வெளிவந்ததுதான் 'ஸ்பிட்ஃபயர்' என்னும் இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். ஆக, உலகமெங்கும் பழைய கார் விரும்பிகள் போற்றும் ஸ்பிட்ஃபயரும், சென்னையில் பிறந்த ஹெரால்டும் பெரியப்பன் பிள்ளையும் சிற்றப்பன் பிள்ளையும் போன்றவை. ஒன்றன் நோய் மற்றதற்கும் உண்டு. ஒன்றன் மருந்து மற்றதற்கும் பொருந்தும்.

அந்நோய்களில் தலையாயது பிரேக்கிலும் கிளச்சிலும் ஏற்படும் கசிவு.

இவ்வகைக் கார்களில் மிதிக்கும் சக்கரத்துக்கும் இடையே கம்பியோ கயிறோ இல்லை. மெல்லிய உலோகக் குழாய் நிறைய ஒரு திரவம் நிற்கிறது. மிதியை அழுத்தினால் 'மாஸ்டர் சிலிண்டர்' என்னும் உருளைக்குள் உள்ள உந்து தண்டு திரவத்தைத் தள்ளுகிறது. மூடிய கலத்துக்குள் நிற்கும் திரவத்தின் மீது செலுத்திய அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே கண்டவர் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல். அவர் தத்துவத்தின் மேல்தான் இன்றைய பிரேக் நிற்கிறது. எடுத்துக்காட்டாக, கால் 20 கிலோ விசையோடு மிதியை அழுத்துகிறது எனக் கொள்வோம். மிதியின் நெம்புகோல் அமைப்பு அதனை ஐந்து மடங்காக்கி 100 கிலோவாக உந்து தண்டுக்குத் தருகிறது. தண்டின் முகம் இரண்டரைச் சதுர சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 40 கிலோ அழுத்தம். சக்கரத்தருகே உள்ள சிறு உருளையின் முகம் ஐந்து சதுர சென்டிமீட்டர் என்றால், அங்கே பிறக்கும் விசை 200 கிலோ. ஒரு மனிதக் கால், பாய்ந்து வரும் இரும்பு வண்டியை நிறுத்துவது இப்படித்தான்.

இவ்வளவு அழுத்தத்தையும் வெளியே விடாமல் காப்பது எது? கிண்ணம் போல் வளைந்த ஒரு சிறு ரப்பர். பட்டறை வழக்கில் அது 'கப்பு'. சிலர் 'வாஷர்' என்றும் சொல்வர். விரல் நுனி அளவே ஆன அந்த ரப்பரின் விளிம்பு, உருளையின் உட்சுவரைத் தழுவி நிற்கும் வரை திரவம் உள்ளே நிற்கும். விளிம்பு கீறினாலோ சுவர் அரித்தாலோ கசிவு தொடங்கும்.

இனி அத்திரவத்தின் வரலாற்றைக் காணவேண்டும். இவ்வுரையின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் திரவ அழுத்த பிரேக் கொண்ட டியூசன்பெர்க் பந்தயக் கார் 1921-இல் பிரான்சு நாட்டுப் பெரும்பந்தயத்தை வென்றது. அதே காலத்தில் அந்நிறுவனம் அவ்வமைப்பைத் தன் விற்பனைக் காரிலும் வைத்தது. அவ்வமைப்பை வகுத்த மால்கம் லாக்கீடின் பெயரால் வழங்கிய தொடக்க காலத் திரவம் எதனால் ஆனது தெரியுமா? ஆமணக்கு எண்ணெயும் சாராயமும் கலந்த கலவை! அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காட்டில் வரப்போரம் நிற்கும் செடி ஆமணக்கு. கொட்டைமுத்தை வறுத்து இடித்துக் காய்ச்சி இறக்கிய விளக்கெண்ணெயைக் குழந்தையின் வயிற்றுக்கும் வண்டி மாட்டின் புண்ணுக்கும் பயன்படுத்திய பாட்டிமார், அது சீமைக் காரை நிறுத்தும் என்று கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்கள். பந்தயக் கார்களின் எஞ்சினிலும் அவ்வெண்ணெய் புகுந்தது. 'காஸ்ட்ரால்' என்னும் புகழ்பெற்ற பெயரே 1909-இல், ஆமணக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் அடியாகப் பிறந்ததுதான்.

விளக்கெண்ணெயைத் தேர்ந்தது காரணத்தோடுதான். அக்காலத்துக் கப்புகள் இயற்கை ரப்பரால் ஆனவை. மண்ணிலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய் இயற்கை ரப்பரை ஊதிப் பருக்கச் செய்யும். ஆமணக்கு எண்ணெய் அவ்வாறு செய்யாது. ஆகவே அது ரப்பருக்குப் பகையில்லாத எண்ணெய்.

அக்காலத்தில் 'பிரேக் ஆயில்' என்ற பெயர் பொருளோடு பொருந்தியிருந்தது. பிறகு பொருள் மாறியது, பெயர் மாறவில்லை. இன்று பெரும்பாலான கார்களில் ஊற்றப்படும் திரவம் எண்ணெயே அன்று. அது கிளைகால் வகையைச் சேர்ந்த வேதிப்பொருள். தண்ணீரில் முழுதும் கரையும். காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும். காரின் வண்ணப்பூச்சில் பட்டால் அதனை உரித்துவிடும். எண்ணெய்க்குரிய குணம் ஒன்றும் அதற்கு இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டின் எந்தப் பட்டறையிலும், எந்தக் கடையிலும் அதன் பெயர் 'பிரேக் ஆயில்'.

தமிழறிந்த அவைக்கு இது புதுமை அன்று. எள்ளின் நெய்யே எண்ணெய். காலப்போக்கில் அச்சொல் எள்ளை மறந்தது. தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் என விரிந்தது. மண்ணெண்ணெய் வரை போயிற்று. அடுக்களையில் இந்த விரிவால் தீங்கு இல்லை. நல்லெண்ணெயை மண்ணெண்ணெய் என மயங்கி எவரும் தாளிப்பதில்லை, மூக்கே காட்டிக்கொடுக்கும். ஆனால் பிரேக் தொட்டிக்கு மூக்கு இல்லை. 'ஆயில் குறைந்திருக்கிறது, ஆயில் ஊற்று' என்ற சொல்லைக் கேட்டு, அறியாத கை எஞ்சின் ஆயிலை ஊற்றினால் அது வாய்திறந்து மறுக்காது, ஏற்றுக்கொள்ளும்.

அதன் பின் நிகழ்வது என்ன? முதலில் தொட்டி மூடியின் ரப்பர் பருத்து நெளியும். அடுத்து மாஸ்டர் சிலிண்டரின் கப்பு பருக்கும். மிதியை விட்டதும் திரவம் தொட்டிக்குத் திரும்புவதற்கு உருளையில் ஊசிமுனை அளவில் ஒரு துளை உண்டு. பருத்த கப்பு அத்துளையை அடைத்துவிடும். அழுத்தம் இறங்க வழியின்றிப் பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும். சக்கரம் காயும்; ரப்பர் மேலும் இளகும்; விளிம்பு கிழியும்; கசிவு பிறக்கும். கசிந்ததைக் கண்டவர் மறுபடியும் 'ஆயில்' ஊற்றுவார். நோயே மருந்தாக ஊட்டப்படும் நிலை இது. ஒருமுறை கனிம எண்ணெய் கலந்துவிட்டால் வடித்துவிட்டு நல்ல திரவம் ஊற்றுவது போதாது. குழாய்களைச் சாராயத்தால் கழுவி, மாஸ்டர் சிலிண்டர் முதல் சக்கர உருளைகள், வளையும் குழாய்கள் வரை, ரப்பர் என்று பெயர் பெற்ற அனைத்தையும் மாற்றவேண்டும். ஒரு சொல் செய்த வேலை இத்தனை!

இனிக் கசிவைக் காணும் முறை. திரவம் சொட்டும் இடம் வேறு. அது பிறக்கும் இடம் வேறு. மிதியின் அடியில் விரிப்பு ஈரமாகி, கால்படும் இடத்தில் வண்ணம் உரிந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின்புறக் கப்பு தேய்ந்தது என்று பொருள். சக்கரத்தின் உட்புற அடியில் ஈரக்கோடு இறங்கியிருந்தால் டிரம்மைக் கழற்றிச் சக்கர உருளையின் தூசிமறைப்பு ரப்பரை மெல்ல விலக்கிப் பார்க்கவேண்டும். கியர்பெட்டியின் முன்புறம் சொட்டினால் கிளச்சின் கீழ் உருளையை ஐயுறலாம். வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் தொட்டி மட்டும் குறைந்துகொண்டே வருமானால், வெற்றிட உதவிக்கலம் பொருத்திய கார்களில் திரவம் அதன் வழியே எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு வெண்புகையாகப் போவதும் உண்டு.

பின்சக்கரத்தில் கண்ட ஈரம் பிரேக் திரவமா, அச்சிலிருந்து வந்த கியர் ஆயிலா என்ற ஐயம் எழுந்தால் ஒரு குவளைத் தண்ணீர் தீர்ப்புச் சொல்லும். ஒரு துளியை அதில் விட்டால், கரைந்தால் பிரேக் திரவம், மிதந்தால் எண்ணெய். பெயர் மறைத்த வேற்றுமையைத் தண்ணீர் வெளிப்படுத்திவிடுகிறது.

கண்மாய்க் கரையைக் காத்த முன்னோர் இந்த நுட்பத்தை அறிந்திருந்தார்கள். கரையின் வெளிப்புறத்தில் நீர் கசிந்தால், கசிந்த வாயில் மண்ணைக் கொட்டுவது பேதைமை. நண்டு வளையோ எலி வளையோ நீர்ப்புறத்தில்தான் வாய் திறந்திருக்கும். அங்கே அடைத்தால்தான் நிற்கும். கசியும் நீர் தெளிவாக வந்தால் பொழுது உண்டு, கலங்கி வந்தால் கரையின் மண்ணே கரைந்து வருகிறது என்று பொருள், ஊரைக் கூட்டவேண்டும். பிரேக் திரவமும் அப்படியே. வெளிறிய பொன்னிறமாக இருக்கவேண்டியது கறுத்து வந்தால், உள்ளே ரப்பர் தேய்ந்து கரைந்து வருகிறது என்பது அடையாளம். தொட்டியை நிரப்புவது பழுது பார்த்தல் ஆகாது. அது கரைக்கு வெளியே மண் கொட்டும் வேலை.

கசிவுக்கு மற்றொரு காரணம் ஈரம். கிளைகால் திரவம் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாமல் கிடந்தால், உறிஞ்சிய நீர் உருளையின் உட்சுவரைத் துருப்பிடிக்கச் செய்து குழி பறிக்கும். ஓடாமல் கொட்டகையில் நிற்கும் பழைய காருக்கு இத்துன்பம் மிகுதி. குழி விழுந்த சுவரில் புதிய கப்பை இட்டாலும் சில நாளில் விளிம்பு கீறிவிடும். உருளையையே மாற்றவேண்டும், கிடைக்காத பழைய காராயின் உட்சுவரைக் கடைந்து பித்தளை அல்லது துருவேறா எஃகுக் குழல் செருகவேண்டும். ஈரத்தால் மற்றொரு கேடும் உண்டு. 'டாட் 4' தரத் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியசு வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் அவ்வெல்லை 155 பாகையாக இறங்கிவிடும். மலைச் சரிவில் இறங்கும்போது பிரேக் சூடேறித் திரவம் கொதித்தால் ஆவி பிறக்கும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆகவே ஈராண்டுக்கு ஒருமுறை பழைய திரவத்தை வடித்துப் புதியது நிரப்புவது நல்லது.

பழுது பார்க்கும் கைக்கும் சில நெறிகள் உண்டு. கழற்றிய உறுப்புகளைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவுவது பட்டறைப் பழக்கம். பிரேக் உறுப்புகளுக்கு அது ஆகாது. எஞ்சிய துளியே ரப்பரைக் கெடுக்கும். சாராயத்தாலோ புதிய பிரேக் திரவத்தாலோதான் கழுவவேண்டும். கப்பைச் செருகும்போது கிரீசு தடவாமல் அத்திரவத்தையே தடவவேண்டும். திரவத்தில் ஊறிப்போன லைனிங்கைத் துடைத்துப் போடாமல் மாற்றவேண்டும். எல்லாம் முடிந்தபின், மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகக் காற்று எடுக்கவேண்டும். மிதி கல்லைப் போல் உறுதியாக நிற்கும் வரை வண்டியைச் சாலைக்குக் கொண்டுசெல்லக் கூடாது.

இவ்வளவு வற்புறுத்தலுக்குக் காரணம் இருக்கிறது. தொடக்க கால ஸ்பிட்ஃபயரிலும், ஹெரால்டிலும், அக்காலத்துப் பெரும்பாலான கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவ வழிதான். ஒரு சக்கரத்தில் ஒரு கப்பு கிழிந்தால் நான்கு சக்கரமும் பிரேக் இழக்கும். முன்னுக்கொன்றும் பின்னுக்கொன்றுமாக வழியைப் பிரித்து வைப்பது அமெரிக்காவில் புதிய கார்களுக்கு 1968 முதல்தான் கட்டாயமாயிற்று. எனவே பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பேணுகிறவர், விரல் நுனி அளவு ரப்பரை நம்பியே சாலையில் செல்கிறார். எதிரே சைக்கிளில் வரும் பள்ளிப் பிள்ளையும் அதே ரப்பரை நம்பித்தான் வருகிறது. அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது. காரின் உரிமையாளருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

'அப்படியாயின் ஆயில் என்ற சொல்லையே விலக்கிவிட்டால் போதுமே' என்று ஒருவர் கூறலாம். அதுவும் அவ்வளவு எளிதன்று. பிரான்சு நாட்டுச் சித்ரோன் நிறுவனம் 1955-இல் வெளியிட்ட 'டிஎஸ்' காரில் மிதவையமைப்பும் பிரேக்கும் திருப்பமும் ஒரே திரவ அழுத்தத்தால் இயங்கின. ஈரம் உறிஞ்சும் சிவப்புத் திரவத்தால் துரு மிகவே, அறுபதுகளின் பிற்பகுதியில் அந்நிறுவனம் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறியது. அதற்கேற்ற வேறு ரப்பரையும் பொருத்தியது. மாசராட்டி எஞ்சின் பூண்டு 1970-இல் வந்த 'எஸ்எம்' என்னும் விரைவுக் காரிலும் அந்தப் பச்சை எண்ணெய்தான். அங்கே எண்ணெய் அமுதம், கிளைகால் நஞ்சு. ஸ்பிட்ஃபயரில் கிளைகால் அமுதம், எண்ணெய் நஞ்சு. எண்களாலும் மயக்கம் நேர்கிறது. 'டாட் 5' என்பது சிலிக்கோன், 'டாட் 5.1' என்பது மீண்டும் கிளைகால். ஒரு புள்ளியும் ஓர் எண்ணும் விட்டுப்போனால் ஒன்றோடொன்று கலக்கக் கூடாத இரண்டு கலந்துவிடும். ஏடு பெயர்த்து எழுதியவர் விட்ட ஒரு புள்ளியால் மெய் உயிர்மெய்யாகிப் பாடலின் பொருள் திரிந்ததைப் பதிப்பாசிரியர்கள் அறிவார்கள்.

ஆகவே வேண்டுவது சொல்லை விலக்குவது அன்று; சொல்லைப் பொருளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. இன்ன ஆண்டில், இன்ன ரப்பரோடு, இன்ன திரவத்துக்காகச் செய்யப்பட்ட வண்டி இது என்று மூலத்தை அறிந்து, அதற்குரியதையே இடுவது. பாடபேதம் நோக்கிப் பதிப்பித்த சான்றோர் செய்ததும் இதுவே அன்றோ?

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். 'நீர்ம அழுத்தத் தடுப்பான்' போன்ற கலைச்சொற்கள் அகராதியில் இருக்கின்றன. ஆனால் பட்டறையில் எவர் நாவிலும் அவை ஏறவில்லை. 'பிரேக் ஆயில்' ஏறியிருக்கிறது. ஆனால் அது பொய் சொல்கிறது. நாவிலும் ஏறவேண்டும், பொய்யும் சொல்லக் கூடாது. அத்தகைய சொல்லைப் பட்டறைக்காரரோடு அமர்ந்து தேடுவது தமிழ்ப்பணியே. அதுவரை 'பிரேக் திரவம்' என்று சொல்லிப் பழகினாலும் நன்மையே. அடுத்த பத்தாண்டில் இவ்வட்டம் எத்தனையோ சொற்களைக் கவிதைக்குத் தரும். பட்டறைக்கும் ஒன்று தருமாயின், அதனைப் படித்துப் பாராட்ட எவரும் வரமாட்டார். ஒரு மலைச்சரிவில், ஒரு மிதியின் கீழ், ஒரு வண்டி நிற்கும். அதுவே அச்சொல்லுக்குப் போதிய பாராட்டு.